எஃப் துளை வழியாக முழு வயரிங்கையும் மாற்றுவது: 335 வகை கிட்டார்

#1 தந்திமீட்டி (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 335 வகைக் கிட்டார் (கிப்சனின் இஎஸ்-335 மாதிரி, எஃப் வடிவத் துளை உள்ள மின்கிட்டார்) ஒன்று இருக்கிறது. கொரியாவில் செய்தது. நடுவில் மேப்பிள் கட்டை, இரண்டு பக்கமும் வெற்று அறை, இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), இரண்டு வால்யூம், இரண்டு டோன், மூன்று நிலை ஸ்விட்ச். பதினெட்டு வருடமாக வாசிக்கிறேன், இதை விற்கும் எண்ணம் என்றைக்கும் வந்ததில்லை.

இப்போது ஸ்விட்சைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் சத்தம் வருகிறது, போகிறது. நெக் வால்யூமைத் திருப்பினால் கரகரவென்கிறது. ஜாக்கில் பிளக்கைக் கொஞ்சம் ஆட்டினால் பாதி நிகழ்ச்சியில் ஆம்ப் ஊமையாகிவிடுகிறது. கான்டாக்ட் கிளீனர் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். ஒரு மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். வீடு கடற்கரைக்குப் பக்கம், உப்புக்காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் அரித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பின்னால் மூடி இருக்கிற கிட்டார் என்றால் செய்து தருகிறேன், இதில் கை விட இடமே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, நானே செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். கட்டை கிட்டார் ஒன்றுக்கு முன்பு வயரிங் செய்த பழக்கம் உண்டு. வெற்றுடல் கிட்டார் இதுதான் முதல் முறை. பிரிட்ஜ் பிக்கப்பையும் மாற்றப் போகிறேன், நான்கு வயர் வருகிற ஹம்பக்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நெக் பிக்கப் பழையதே இருக்கட்டும், அதன் குரல் எனக்குப் பிடிக்கும்.

எங்கே ஆரம்பிப்பது? பெரிய பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடை) எஃப் துளைக்குள் நுழையுமா? ஐம்பதுகளின் வயரிங் என்று சொல்கிறார்களே, அது உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா?

#2 ஈயப்பற்று (கோவை)

முதலில் அளவு எடுங்கள், பொருள் வாங்குவது அப்புறம்.

எஃப் துளையின் மிக அகலமான இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். முழு அளவு பாட்டின் உடல் 24 மி.மீ. விட்டம், சிறியது 16 மி.மீ. துளை குறுகலாக இருந்தால் பெரிய பாட்டைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைக்க வேண்டும். சிலவற்றில் அதுவும் முடியாது. அப்படியானால் பிரிட்ஜ் பிக்கப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். உங்கள் மாதிரிக் கிட்டார்களில் பலவற்றில் நடுக்கட்டையில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள், அது வலதுபக்க அறைக்குள் திறக்கும். எஃப் துளையை விட அந்த வழி தாராளமாக இருக்கும்.

அடுத்தது மேல்பலகையில் உள்ள ஓட்டை. ஆசியாவில் செய்த கிட்டார்களில் பெரும்பாலும் மெட்ரிக் பாட்தான், ஓட்டை 8 மி.மீ. அளவில் இருக்கும். அமெரிக்க அளவு பாட்டின் கழுத்து 9.5 மி.மீ. ஓட்டையைப் பெரிதாக்க டிரில் போடவே போடாதீர்கள். மேல்பலகை ஒட்டுப்பலகை, பாலிஷும் சேர்ந்து சில்லு சில்லாகப் பெயரும். கூம்பு வடிவ ரீமர் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் சில சுற்று இடப்பக்கமாகத் திருப்புங்கள். பாலிஷ் சுத்தமாக வெட்டுப்படும். பிறகுதான் வலப்பக்கம். தடித்த கட்டை உடல் கொண்ட லெஸ் பால் கிட்டாருக்கு வாங்குகிற நீளக் கழுத்து பாட் இதற்கு வேண்டாம், மேல்பலகை மெல்லியது என்பதால் குட்டைக் கழுத்தே போதும்.

பழைய குமிழ்களைப் போடும் எண்ணம் இருந்தால் தண்டின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். மெட்ரிக்கில் 18 பல், அமெரிக்க அளவில் 24. கட்டாயப்படுத்தித் திணித்தால் குமிழ் வெடித்துவிடும்.

எல்லாம் அளந்த பிறகு அட்டை. கிட்டாரின் மேல் ஒரு தாளை வைத்து, நான்கு பாட், ஸ்விட்ச், ஜாக் ஆகியவற்றின் ஓட்டைகளைப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். அதை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டி ஓட்டை போட்டால் அதுதான் உங்கள் வேலைமேசை. மொத்த ஹார்னஸையும், அதாவது பாட், ஸ்விட்ச், ஜாக், வயர் எல்லாம் சேர்ந்த தொகுப்பையும், அட்டையிலேயே கட்டி முடித்துவிட வேண்டும். கிட்டாருக்குள் போன பிறகு சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலை கிடையாது.

#3 ஸ்கார்பரோ_வால்யூம்7 (டொராண்டோ)

ஐம்பதுகளின் வயரிங் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் உள்ள 330 வகைக் கிட்டாரில் இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வால்யூம் பாட்டில் மூன்று கால்கள். ஒன்றில் பிக்கப் வந்து சேரும். நடுக்கால் ஸ்விட்சுக்குப் போகும். மூன்றாவது கால் பாட்டின் முதுகில் எர்த்தோடு சேரும். பிற்கால வயரிங்கில் டோன் கெப்பாசிட்டர் பிக்கப் வருகிற காலில் தொங்கும். ஐம்பதுகளில் கிப்சன் செய்தபடி என்றால் அது நடுக்காலில் தொங்கும். மாறுவது அந்த ஒரு இணைப்பு மட்டும்தான்.

வால்யூம் பத்தில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுதான், காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஏழுக்கோ ஆறுக்கோ இறக்கினால்தான் கதை மாறும். பாட்டை இறக்கும்போது சிக்னலின் வழியில் பெரிய தடை ஒன்று வந்து உட்காருகிறது. 500 கிலோ ஓம் பாட் மின்தடைக் கணக்கில் சரிபாதியில் நின்றால், பக்கத்துக்கு 250 கிலோ ஓம், ஆம்ப்பை நோக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 125 கிலோ ஓம். அதற்குப் பின்னால் உங்கள் கேபிள். ஐந்து மீட்டர் கேபிளில் 500 பிக்கோஃபாரட் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் சரியத் தொடங்கும். வால்யூமைக் குறைத்ததும் கிட்டார் போர்வைக்குள் இருந்து பாடுவது போல ஆவது இதனால்தான். பழைய வயரிங்கில் டோன் பகுதி பிக்கப்பை நேராக அழுத்துவதில்லை, அதனால் இறக்கிய நிலையிலும் பளிச்சென்ற பகுதி கூடுதலாக மிஞ்சுகிறது.

நான் பாதி நேரம் வால்யூம் ஏழில் வைத்துத்தான் வாசிக்கிறேன், அதனால் என் கிட்டாருக்கு இதுவே சரி. ஒரு பக்கவிளைவு உண்டு. டோனைத் திருப்பினால் சத்தத்தின் அளவும் கொஞ்சம் சேர்ந்து அசையும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

#4 யாழ்_ஆர்ச்டாப் (யாழ்ப்பாணம்)

நல்ல இழை. தந்திமீட்டி அண்ணா, இடையில் நுழைகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

என்னுடையது நடுக்கட்டையே இல்லாத முழு வெற்றுடல். மாமா வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்தது, அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. பிரிட்ஜ் மேல்பலகையில் சும்மா நிற்கிறது, திருகு ஒன்றும் இல்லை. ஜாக் பக்கவாட்டில் இருக்கிறது. எனக்கு உள்ள பிரச்சினை ஒன்றுதான்: பெரிய இரைச்சல். தந்தியில் கை வைத்தாலும் விட்டாலும் அதே இரைச்சல். நானும் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டுமா? தந்தியைக் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடுமே, பிறகு வடிவாகப் பழைய இடத்தில் வைப்பது எப்படி?

#5 ஈயப்பற்று (கோவை)

யாழ் தம்பி, பிரிட்ஜைக் கழற்றும் முன் அதன் இரண்டு காலையும் சுற்றி மேல்பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் எல்லை வரைந்துகொள்ளுங்கள். பழைய பாலிஷ் என்றால் டேப்பை நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம், உரியும். திரும்ப வைத்த பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ட்யூனர் வைத்துச் சரிபார்த்தால் போதும்.

ஆனால் தந்தியைக் கழற்றும் முன் ஒரு சோதனை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை ஜாக்கில் செருகிய கேபிளின் வெளிக்குழல் உலோகத்திலும், மறு முனையை டெயில்பீஸிலும் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் உலோகத் தகடு) வையுங்கள். சுழியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் டெயில்பீஸுக்கு வருகிற எர்த் வயர் அறுந்திருக்கிறது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறையும், அதுதான் நல்ல கிட்டாரின் இயல்பு. நம் உடம்பு வாங்குகிற ஹம் தந்தி வழியாக எர்த்துக்குப் போய்விடும். உங்களுடையதில் தொட்டாலும் விட்டாலும் ஒன்று என்றால் என் சந்தேகம் அந்த ஒற்றை வயர் மேல்தான்.

#6 மழைநாள்_ஜாஸ் (மதுரை)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 1936-இல் கிப்சனின் இஎஸ்-150 மின்கிட்டார் வந்த காலத்தில் இருந்து இந்தக் கிட்டார்கள் முதலில் மர வாத்தியம், மின்சாரம் பிறகு வந்து சேர்ந்தது. பின்பக்கத்தில் மூடி போட்டு வெட்டாததற்கும் அதுதான் காரணம், பின்பலகையும் பாட வேண்டும். 1958-இல் இஎஸ்-335-க்கு நடுக்கட்டை வைத்தது ஃபீட்பேக்கை, அதாவது ஆம்ப்பின் சத்தம் கிட்டாரைத் திரும்ப அதிரவைத்து ஊளையிடுவதை, அடக்குவதற்கு. அப்போதும் பின்பக்கத்தை வெட்டவில்லை. அதனால் உள்ளே எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. தந்திமீட்டி, உங்களுக்கு ஜாக்கும் ஸ்விட்சும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பிக்கப்புகளை ஏன் தொடுகிறீர்கள்?

அதோடு, எண்ணெய்த் தாள் கெப்பாசிட்டர் போட்டால் குரலே மாறிவிடும் என்று சொல்லி யாராவது காசைச் செலவழிக்க வைப்பார்கள். காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், மதிப்பு ஒன்றாக இருந்தால் குரலும் ஒன்றுதான். 0.022 மைக்ரோஃபாரட் வேண்டும், அதாவது 223 என்று அச்சிட்ட சாதாரண பாலியெஸ்டர் பில்ம். கிட்டாரில் ஓடுவது ஒரு வோல்ட் அளவுதான். 100 வோல்ட் கெப்பாசிட்டரே தேவைக்கு மேல்.

#7 ஸ்கார்பரோ_வால்யூம்7 (டொராண்டோ)

கெப்பாசிட்டர் விஷயத்தில் மழைநாள் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இல்லை. ஒருமுறை வயிற்றைத் திறந்த பிறகு பாதி பழையதையும் பாதி புதியதையும் விட்டுவைத்தால், ஆறு மாதத்தில் பழைய பாட் ஒன்று கரகரக்கும், மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டிவரும். வெற்றுடல் கிட்டாரில் ஒவ்வொரு முறை உள்ளே போய் வருவதும் மேல்பலகைக்கும் எஃப் துளை ஓரத்துக்கும் ஆபத்து. ஒரே முறை, முழுதாகச் செய்வதுதான் மரத்துக்கும் மரியாதை.

#8 தந்திமீட்டி (சென்னை)

எல்லோருக்கும் நன்றி. முழுதாகவே மாற்றுகிறேன்.

எஃப் துளை அகலமான இடத்தில் 21 மி.மீ. பிரிட்ஜ் பிக்கப் குழியில் ஈயப்பற்று சொன்ன வெட்டு இருக்கிறது, 24 மி.மீ. பாட் அதன் வழியாகத் தாராளமாகப் போகிறது. அதனால் முழு அளவு, 500 கிலோ ஓம், ஏ வகை (காதுக்குச் சீராக ஏறி இறங்குவது) நான்கு. ஒற்றை வயரைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள கவச வயர் மூன்று மீட்டர். ரோசின் உள்ளீடு கொண்ட 60/40 சால்டரிங் ஈயம் ரிச்சி தெருவில் கிடைத்தது.

நேற்று ரீமர் வேலை முடிந்தது. இடப்பக்கம் திருப்பும் யோசனை பொன் போன்றது. ஆறு ஓட்டைகளில் ஒன்றில்கூடச் சில்லு பெயரவில்லை. இன்று அட்டையில் ஹார்னஸ் முக்கால்வாசி கட்டிவிட்டேன். 25 வாட் அயர்னால் பாட்டின் முதுகில் ஈயம் பிடிக்கவே இல்லை, உருண்டு உருண்டு ஓடியது. 60 வாட் ஒன்று இரவல் வாங்கி, பாட்டின் முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வைத்ததும் இரண்டு விநாடியில் பளபளவென்று பரவிப் பிடித்தது.

#9 ஈயப்பற்று (கோவை)

அழகு. இப்போது இரண்டு எச்சரிக்கை.

அந்த உலோகப் பின்னல் முழுவதும் எர்த். உள்ளே வளைந்து நெளிந்து கிடக்கும்போது அது ஸ்விட்சின் காலையோ ஜாக்கின் நடுமுனையையோ தொட்டால் மொத்தக் கிட்டாரும் ஊமை. ஒவ்வொரு முனையிலும் பின்னலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். வயர் மேல்பலகையில் உரசினால் குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் உள்ளே சடசடக்கும், கண்டுபிடிக்க நாள் கணக்காகும். அதனால் நீளமான வயர்களுக்குப் பஞ்சுத் துணியோ மெல்லிய ஃபோமோ சுற்றிவிடுங்கள். நான்கு பாட்டின் முதுகையும் வயரால் ஒன்றோடொன்று சேர்த்தீர்களா? மரத்தில் மின்சாரம் ஓடாது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

உள்ளே தள்ளும் முன் அட்டையிலேயே இரண்டு பிக்கப்பையும் இணைத்து ஜாக்கில் ஓம் அளவு பாருங்கள். எல்லாக் குமிழும் பத்தில் இருக்கட்டும். 8 கிலோ ஓம் பிக்கப் என்றால் பாட்டும் பக்கத்தில் இருப்பதால் 7.9 மாதிரி காட்டும். ஸ்விட்ச் நடுவில் இருந்தால் இரண்டும் இணையாகி 4-க்குப் பக்கத்தில் வரும். அப்புறம் ஆம்ப்பில் செருகி, ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பின் முளைகளைத் தட்டிக் கேளுங்கள்.

#10 தந்திமீட்டி (சென்னை)

அளவெல்லாம் சரியாக வந்தது: 7.6, 8.1, நடுவில் 3.9. இன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்கு உள்ளே போட்டு முடித்தேன். இதைச் செய்யப் போகிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

மீன்தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய ரப்பர் குழாயை ஐந்து துண்டாக வெட்டினேன். ஒவ்வொன்றையும் மேல்பலகையின் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, பிக்கப் குழி வழியாக வெளியே இழுத்தேன். எது எந்த ஓட்டை என்று டேப் ஒட்டி எழுதிவைத்தேன், இல்லையென்றால் குழம்பிப் போயிருக்கும். பாட்டின் தண்டில் குழாயைச் செருகினால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஸ்விட்சின் தொப்பியைக் கழற்றிவிட்டு அதற்கும் அப்படியே.

ஜாக்குக்குத் தூண்டில் நரம்பு. ஜாக்கின் முன்வாய் வழியாக நரம்பை விட்டு, பின்னால் சிறிய வாஷர் கட்டி முடிச்சுப் போட்டேன். தூரத்தில் உள்ளது முதலில் என்ற கணக்கில் ஜாக், இரண்டு டோன், ஸ்விட்ச், கடைசியில் வால்யூம்கள். ஒன்றை முழுதாக இழுக்காமல், எல்லாவற்றையும் விரல்கடை விரல்கடையாக மாறி மாறி இழுத்தேன். ஒரு பாட் எஃப் துளைக்குக் கீழே குப்புறத் திரும்பி நின்றுவிட்டது. துணி சுற்றிய குச்சியால் தட்டித் திருப்ப அரைமணி நேரம் ஆனது.

நட்டு முறுக்கும்போது உள்ளே பாட்டும் சேர்ந்து சுழலப் பார்த்தது. பல் உள்ள வாஷரை உட்பக்கம் போட்டிருந்ததால் பிழைத்தேன். ஜாக் உள்ளே நழுவாமல் இருக்க, நுனி சீவிய மூங்கில் குச்சியை அதன் வாயில் இறுகச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டு போட்டேன்.

கரகர இல்லை. ஸ்விட்ச் கத்தி மாதிரி வெட்டுகிறது. நெக் அருமை, பிரிட்ஜ் அருமை. ஆனால் ஸ்விட்சை நடுவில் வைத்தால் குரல் சுருங்கி, மூக்கால் பேசுவது போல இருக்கிறது. அடிச்சுரமே இல்லை. ஒரு வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் திடீரென்று உடம்பு வருகிறது. எங்கே தப்பு?

#11 ஸ்கார்பரோ_வால்யூம்7 (டொராண்டோ)

ஃபேஸ் (அலையின் கட்டம்) எதிராக இருக்கிறது. ஒரு பிக்கப் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. இரண்டிலும் பொதுவாக உள்ள அடிச்சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒன்றை இறக்கினால் தின்பது குறைகிறது, அதனால் உடம்பு திரும்பி வருகிறது. ஓம் அளவு இதைக் காட்டாது.

பழைய நெக் பிக்கப்பில் பின்னல்தான் எர்த், உலோக மூடியும் அதோடு சேர்ந்திருக்கும், அதைத் திருப்ப முடியாது. புதிய நான்கு வயர் பிக்கப்பில்தான் திருப்ப வேண்டும். எந்த நிறுவனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், நிறங்கள் ஒன்று போல இருக்காது. சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கியிருக்கும். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக. சிக்னல் வயரையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். ஐந்தாவதாக உறையில்லாத வெறும் கம்பி இருக்கிறதே, அது எப்போதும் எர்த்திலேயே இருக்க வேண்டும். அதைப் பச்சையோடு சேர்த்து முறுக்கியிருந்தால் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிக்கப் ஊமையாகிவிடும்.

#12 ஈயப்பற்று (கோவை)

இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. அட்டையில் இருக்கும்போதே பார்த்துவிடக்கூடிய விஷயம். பிக்கப்பை மல்டிமீட்டரில் இணைத்து, முளைகளின் மேல் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று வைத்தால் ஓம் எண் ஒரு பக்கம் துள்ளும். சிலவற்றில் ஏறும், சிலவற்றில் இறங்கும். இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். இழையைப் பின்னால் படிக்கப் போகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

தந்திமீட்டி, மறுபடி வெளியே எடுக்கும் முன் தண்டுகளில் குழாயைச் செருகிவிட்டு நட்டைக் கழற்றுங்கள். திரும்பப் போகும் வழி தயாராக இருக்கும். பிரிட்ஜ் வால்யூம் ஒன்றை மட்டும் வெளியே கொண்டுவந்தால் போதும், மற்றவை அங்கேயே நிற்கட்டும்.

#13 யாழ்_ஆர்ச்டாப் (யாழ்ப்பாணம்)

ஈயப்பற்று அண்ணா சொன்ன சோதனையைச் செய்தேன். டெயில்பீஸுக்கும் ஜாக்குக்கும் இடையே மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. டெயில்பீஸின் இரண்டு திருகையும் கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு சிறிய ஓட்டை, அதற்குள் அறுந்த வயரின் நுனி. பச்சையாகக் களிம்பு ஏறிப் போயிருந்தது. உள்ளே நீளம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் சாமணத்தால் வெளியே இழுத்து, நுனியைச் சீவி, தகட்டின் அடியில் விரித்து வைத்து மறுபடி திருகினேன். மீட்டர் 0.4 ஓம் காட்டியது. தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் அப்படியே அடங்கியது. மாமா கட்டிய வயரிங்கைத் தொடவே தேவைப்படவில்லை. அம்மா பக்கத்து அறையில் இருந்து வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

#14 தந்திமீட்டி (சென்னை)

யாழ் தம்பி, படித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

என் பக்கம்: குழாயைச் செருகி, பிரிட்ஜ் வால்யூமை மட்டும் பிக்கப் குழி வரை இழுத்து, மேல்பலகையில் ஈரத்துணி விரித்து, கறுப்பையும் பச்சையையும் மாற்றி வைத்தேன். அட்டையில் எல்லாம் முடிய வேண்டும் என்ற விதியை இந்த ஒரு இடத்தில் மீற வேண்டி வந்தது. வெறும் கம்பியைப் பச்சையில் இருந்து பிரித்துப் பாட்டின் முதுகிலேயே விட்டேன். நாற்பது நிமிட வேலை. ஸ்விட்ச் நடுவில் இப்போது நான் இதுவரை இந்தக் கிட்டாரில் கேட்காத குரல் இருக்கிறது. அகலமாக, மணி மாதிரி. வால்யூமை ஆறில் வைத்தாலும் மங்கவில்லை, ஐம்பதுகளின் வயரிங் என் காதுக்குத் தெளிவாகவே தெரிகிறது.

மழைநாள், நீங்கள் சொன்னதற்காகப் பழைய ஹார்னஸை வெட்டாமல், பாட், வயர் எதையும் பிரிக்காமல், அந்த அட்டையிலேயே திருகி, எது எந்த ஓட்டை என்று எழுதி, கிட்டார் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். பழைய பிரிட்ஜ் பிக்கப்பும் அதோடு இருக்கிறது.

#15 மழைநாள்_ஜாஸ் (மதுரை)

மகிழ்ச்சி. சிலிக்கா ஜெல் பை இரண்டையும் அந்தப் பெட்டியில் போட்டுவையுங்கள். அடுத்த வாரம் நடுநிலையில் வாசித்து ஒரு பதிவு ஏற்றுங்கள், கேட்க வேண்டும்.

#16 தந்திமீட்டி (சென்னை)

ஞாயிறு ஏற்றுகிறேன். கேபிள், ஆம்ப் எல்லாம் பழையபடியே வைத்து, வால்யூம் பத்தில் ஒன்று, ஏழில் ஒன்று.